ஆயிரம் பேர் வாசித்த அழைப்பிதழ்

தங்களுக்குப் பிடித்த ராக் இசைக்குழுவை ஊருக்கு வரவழைக்க இத்தாலிய ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ரசிகர் என்பவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2015 ஜூலை 26. வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞா வட்டாரத்தில், ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவான மக்கள் வாழும் செசேனா நகரம். அங்கே குதிரைப் பந்தயத் திடலை ஒட்டி ஒரு பூங்கா. கோடை வெயில் கொளுத்தும் அந்தப் புல்வெளியில் வரிசை வரிசையாக 250 டிரம்ஸ் செட்டுகள். கிட்டாரைத் தோளில் மாட்டியபடி 350 பேர், பேஸ் கிட்டாரோடு 150 பேர், மைக் முன்னால் பாடுவதற்கு 250 பேர். கூட்டிப் பார்த்தால் சரியாக ஆயிரம்.

டாட்டூ போட்ட இளைஞர்கள், நரைத்த தாடிக்காரர்கள், தலையில் துணி கட்டிய பெண்கள், அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள் போலத் தெரிந்த நடுத்தர வயதினர் என எல்லோருடைய கண்ணும் உயரமான ஒரு கோபுர மேடையில் நிற்கும் இசை நடத்துநர் மார்கோ சபியூ மேல். அவர் கை உயர்ந்து இறங்கியதும் 350 கிட்டார்களும் ஒன்றாக ஒலிக்க ஆரம்பிக்கின்றன. கொஞ்ச நேரத்தில் 250 டிரம்ஸும் சேர்ந்துகொள்கின்றன. அந்த நொடியில் நிலமே அதிர்ந்திருக்க வேண்டும். காணொளியில் பார்க்கும் நமக்கே நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போடுகிறது.

அவர்கள் வாசித்தது ‘லேர்ன் டு ஃப்ளை’. ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற அமெரிக்க ஆல்டர்நேட்டிவ் ராக் இசைக்குழு 1999-இல் வெளியிட்ட பாட்டு. அந்தக் குழு செசேனாவுக்கு வந்து ஒரு கச்சேரி செய்ய வேண்டும் என்பதுதான் ஆயிரம் பேரின் ஒரே கோரிக்கை. மனு எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கலாம், போஸ்டர் பிடித்துக் கோஷம் போட்டிருக்கலாம். அவர்களோ அந்தக் குழுவின் பாட்டையே எடுத்து, முதலிலிருந்து முடிவுவரை, பிசிறில்லாமல் வாசித்து அனுப்பினார்கள்.

ஓராண்டு உழைப்பு, ஒரு பாட்டு

யோசனை ஃபாபியோ சஃபாஞீனியுடையது. தொழிலால் நிலவியலாளர், உள்ளத்தால் ஃபூ ஃபைட்டர்ஸ் ரசிகர். சிறிய ஊருக்குப் பெரிய இசைக்குழு தானாக வந்துவிடாது என்பது அவருக்குத் தெரியும். கச்சேரிகளை ஏற்பாடு செய்யும் நிறுவனங்களின் கணக்கில் மிலானும் ரோமும் இருக்கும், செசேனா இருக்காது. அந்தக் கணக்கை மாற்ற, யாரும் கண்ணை எடுக்க முடியாத ஒன்றைச் செய்தாக வேண்டும். ஆயிரம் பேரைச் சேர்ப்பது என்று முடிவானது. ‘ராக்கின் 1000’ என்று பெயர் வைத்தார்கள்.

இதற்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. பொதுமக்களிடம் இணையம் வழியாக நிதி திரட்டி 40,000 யூரோவுக்கு மேல் சேர்த்தார்கள். வாசிக்க வந்த ஆயிரம் பேருக்கும் சம்பளம் கிடையாது. இத்தாலியின் எல்லா மூலைகளிலிருந்தும் சொந்தச் செலவில் வந்தார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் வருவதென்றால் பாஸ் டிரம், ஸ்நேர், டாம்கள், தட்டுகள், ஸ்டாண்டுகள் எல்லாவற்றையும் கட்டி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். நான்கு, ஐந்து நிமிடப் பாட்டுக்காக அத்தனை சுமையையும் தூக்கிக்கொண்டு 250 பேர் வந்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் அவர்களுடைய பிரியத்தின் எடை புரியும்.

கூட்டிவிட்டால் போதுமா? சேர்ந்து வாசிக்க வேண்டுமே! ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். திடலின் ஒரு ஓரத்தில் அடிக்கும் அடி, 70 மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்கு வந்து சேர ஐந்தில் ஒரு நொடி ஆகும். ‘லேர்ன் டு ஃப்ளை’ நிமிடத்துக்கு 130 அடிகளுக்கு மேல் ஓடும் வேகமான பாட்டு. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை நொடிகூட இல்லை. அப்படியென்றால், தூரத்தில் இருப்பவரின் வாசிப்பைக் காதால் கேட்டு அதன் பின்னால் போகிறவர் கிட்டத்தட்ட பாதி அடி பிந்திவிடுவார். அவரைக் கேட்டு வாசிப்பவர் இன்னும் பிந்துவார். ஒரு நிமிடத்துக்குள் பாட்டு சிதறிவிடும்.

ராக் இசைக்கு நடத்துநர் தேவையில்லை என்பது வழக்கம். நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே தாளம் பிடித்துவிடுவார்கள். ஆயிரம் பேர் என்றதும் அந்த வழக்கம் உடைகிறது. எல்லோரும் பார்க்கும் உயரத்தில் ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. பக்கத்தில் கேட்கும் சத்தத்தைவிட அவருடைய கையை நம்ப வேண்டியிருந்தது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். டிரம்ஸ்காரர் என்றாலே கொஞ்சம் தன் இஷ்டத்துக்கு அடிக்க ஆசைப்படுவார். 250 டிரம்ஸ்காரர்களும் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு ஒரே அடியை ஒரே நேரத்தில் வைத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வோமே, அதில் வடம் பிடித்த ஒவ்வொருவருக்கும் உள்ள கட்டுப்பாடு அந்தத் திடலில் இருந்தது.

பாட்டு முடிந்ததும் சஃபாஞீனி கேமராவைப் பார்த்துப் பேசினார். இத்தாலியில் கனவுகள் எளிதில் பலிப்பதில்லை, ஆனால் ஆர்வத்துக்கும் கற்பனைக்கும் இங்கே குறைவில்லை என்றார். உங்களுக்காக இத்தனை பேர் வந்திருக்கிறோம், எங்கள் ஊருக்கு வந்து வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜூலை 30 அன்று காணொளி வெளியானது. சில நாள்களிலேயே கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்துவிட்டார்கள்.

தலையணையில் கற்ற தாளம்

ஏன் இந்தக் குழுவுக்கு இப்படிப்பட்ட ரசிகர்கள்? விடை, குழுவின் தலைவர் டேவ் குரோலின் வாழ்க்கையில் இருக்கிறது.

குரோல் 1969-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்தது வர்ஜீனியாவின் ஸ்பிரிங்ஃபீல்டில். சிறுவயதில் வீட்டில் டிரம்ஸ் கிடையாது. படுக்கையில் தலையணைகளை அடுக்கி வைத்து, இசைத்தட்டுகளைக் கேட்டபடியே குச்சியால் அடித்துப் பழகினார். தலையணை திருப்பித் துள்ளாது. குச்சியை ஒவ்வொரு முறையும் கையால்தான் தூக்க வேண்டும். பின்னாளில் உலகமே வியந்த அவருடைய பலத்த அடி அங்கே உருவானது. பதின்மூன்று வயதில் சிகாகோ பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது, அந்த வீட்டுப் பெண் அவரை ‘நேக்கட் ரேகன்’ என்ற பங்க் குழுவின் கச்சேரிக்கு அழைத்துப் போனார். சின்ன இடம். வாசிப்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில். நட்சத்திரப் பளபளப்பு எதுவும் இல்லாத, பக்கத்து வீட்டு அண்ணன்கள் போன்ற ஆட்கள். இது நம்மாலும் முடியும் என்ற எண்ணத்தோடு அந்தப் பையன் வீடு திரும்பினான்.

ஆல்டர்நேட்டிவ் ராக் என்று பின்னால் பெயர் பெற்ற இசையின் அடித்தளமே அந்த எண்ணம்தான். 1980-களில் அமெரிக்காவின் பெரிய வானொலிகளும் பெரிய நிறுவனங்களும் கண்டுகொள்ளாத குழுக்கள், சிறிய நிறுவனங்களில் இசைத்தட்டு போட்டு, வேனில் ஊர் ஊராகச் சுற்றி வளர்ந்தன. ஆர்.இ.எம்., பிக்ஸீஸ், ஹஸ்கர் டூ போன்ற குழுக்களைக் கல்லூரி மாணவர்கள் நடத்திய வானொலிகள்தான் ஒலிபரப்பின. வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவே பெரிய வேலி இல்லை. இன்று கேட்கிறவர் நாளை மறுநாள் நண்பர்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்கிவிடலாம். அப்படித்தான் பலர் தொடங்கினார்கள்.

குரோல் 1990-இல் நிர்வானா குழுவில் டிரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தார். 1991 செப்டம்பரில் வந்த ‘நெவர்மைண்ட்’ ஆல்பம், 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தை முந்திக்கொண்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஓரத்தில் இருந்த இசை நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. 1994 ஏப்ரலில் அந்தக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு வயது 27. குரோலால் சில மாதங்கள் வானொலியைக்கூடக் கேட்க முடியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் சியாட்டில் அருகே ராபர்ட் லாங் ஸ்டுடியோவில் ஒரு வாரம் போல நேரம் எடுத்துக்கொண்டு, தான் எழுதி வைத்திருந்த பாட்டுகளைப் பதிவு செய்தார். டிரம்ஸ், கிட்டார், பேஸ், குரல் எல்லாமே அவர்தான். ஒரே ஒரு பாட்டில் நண்பர் ஒருவர் கிட்டார் வாசித்தார். 100 கேசட்டுகள் நகலெடுத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தார். தன் பெயரைப் போடத் தயங்கி, இரண்டாம் உலகப் போரில் விமானிகள் வானத்தில் கண்ட மர்ம ஒளிகளுக்கு வைத்த பெயரை எடுத்து ஃபூ ஃபைட்டர்ஸ் என்று போட்டார். அந்தப் பதிவுதான் 1995 ஜூலை 4 அன்று வெளியான முதல் ஆல்பம். குழு பிறகுதான் சேர்ந்தது.

துக்கத்திலிருந்து எழுந்து வர ஒரே வழி சத்தமாக வாசிப்பதுதான் என்று நம்பிய மனிதரின் இசை அது. மெதுவாக ஆரம்பித்துத் திடீரென வெடிக்கும் பாட்டுகள். கூட்டம் முழுவதும் சேர்ந்து கத்திப் பாடத் தோதான பல்லவிகள். ‘எவர்லாங்’, ‘மை ஹீரோ’, ‘லேர்ன் டு ஃப்ளை’ எல்லாமே கேட்பவரை எழுப்பி நிற்க வைப்பவை. கிட்டார் பழக ஆரம்பித்த சில மாதங்களில் ஒருவர் இவற்றைத் தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிட முடியும். ஆயிரம் பேர் சேர்ந்து வாசிக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வாசிக்கச் சொல்லி அழைக்கும் பாட்டுகள் இவை.

உடைந்த காலோடு வந்த விருந்தாளி

செசேனா காணொளி வெளியான சூட்டோடு, குரோல் தட்டுத்தடுமாறும் இத்தாலிய மொழியில் ஒரு பதில் காணொளி அனுப்பினார். வருகிறோம், சத்தியம் என்றார். சொன்னபடியே 2015 நவம்பர் 3 அன்று செசேனாவின் காரிஸ்போர்ட் உள்ளரங்கில் ஃபூ ஃபைட்டர்ஸ் மேடை ஏறியது. பெரிய பெரிய விளையாட்டு மைதானங்களை நிரப்பும் குழு, சில ஆயிரம் பேர் மட்டுமே கொள்ளும் அரங்கில் வாசித்தது. ஜூலையில் வாசித்தவர்கள் அன்று கேட்க வந்திருந்தார்கள்.

குரோல் அன்று வாசித்தது உட்கார்ந்தபடி. அந்தக் கதையும் ரசிகர்கள் சம்பந்தப்பட்டதுதான். அதே ஆண்டு ஜூன் 12-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் உல்லேவி மைதானம் நிரம்பி வழிந்தது. கச்சேரி தொடங்கிய இரண்டாவது பாட்டிலேயே மேடையிலிருந்து தவறி விழுந்து குரோல் காலை உடைத்துக்கொண்டார். கீழே கிடந்தபடியே மைக்கை வாங்கி, கால் உடைந்துவிட்டது என்று நினைக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்து வாசிக்கிறேன் என்று கூட்டத்துக்கு வாக்குக் கொடுத்தார். அவர் வரும்வரை டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹாக்கின்ஸும் மற்றவர்களும் வேறு குழுக்களின் பாட்டுகளை வாசித்து மேடையைக் காத்தார்கள். கட்டுப் போட்ட காலோடு குரோல் திரும்பி வந்தார். மருத்துவ உதவியாளர் ஒருவர் மேடையிலேயே உட்கார்ந்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, கச்சேரியை முடித்துவிட்டுத்தான் போனார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு படுக்கையில் இருந்தபோதே ஒரு சிம்மாசனத்தை வரைந்தார். கிட்டார்களின் கழுத்துப் பகுதிகளைச் சுற்றிலும் விரித்து வைத்தது போன்ற பிரம்மாண்டமான நாற்காலி. ஜூலை 4 அன்று வாஷிங்டனின் ஆர்.எஃப்.கே. மைதானத்தில், முதல் ஆல்பம் வெளியாகி 20 ஆண்டு நிறைந்த நாளில், அதில் அமர்ந்து வாசித்தார். நவம்பரில் செசேனாவுக்கும் சிம்மாசனத்தோடுதான் வந்தார். டிக்கெட் வாங்கிய ரசிகரை ஏமாற்றக் கூடாது என்று உடைந்த காலோடு வாசிக்கும் கலைஞர். வாசித்துக் காட்டித்தான் அழைக்க வேண்டும் என்று ஓராண்டு உழைக்கும் ரசிகர்கள். இரு பக்கமும் ஒரே மரியாதை. இது ஒருவழிப் பக்தியாக இருந்திருந்தால் இவ்வளவு காலம் தாங்கியிருக்காது.

ரிச்மண்ட் முதல் இப்ஸ்விச் வரை

செசேனாவுக்கு முன்பே இன்னொரு ஊர் இதே வேலையை வேறு விதமாகச் செய்திருந்தது. வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்ட், குரோல் வளர்ந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் குழு பல ஆண்டுகளாக அங்கே போகவில்லை. கச்சேரியே அறிவிக்கப்படாத நிலையில், வருவார்கள் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் தாங்களாகவே 50 டாலர் விலையில் டிக்கெட் விற்றார்கள். சுமார் 1,400 பேர் வாங்கினார்கள். 70,000 டாலர் அளவுக்குப் பணம் சேர்ந்தது. 2014 செப்டம்பர் 17 அன்று ரிச்மண்டின் ‘தி நேஷனல்’ அரங்கில் ஃபூ ஃபைட்டர்ஸ் வாசித்தது.

2020-இல் ஊரடங்கு. மேடைகள் எல்லாம் மூடிக் கிடந்த காலம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரிலிருந்து நாண்டி புஷெல் என்ற பத்து வயதுச் சிறுமி, ‘எவர்லாங்’ பாட்டை டிரம்ஸில் வாசித்துக் காணொளி போட்டு, குரோலைப் போட்டிக்கு அழைத்தாள். அந்தப் பாட்டின் டிரம்ஸ் கொஞ்சமும் ஓய்வு கொடுக்காதது. பெரியவர்களுக்கே மணிக்கட்டு வலிக்கும். குரோல் சவாலை ஏற்று வாசித்தார். அவள் பதிலுக்கு வாசித்தாள். சில சுற்றுகள் போன பிறகு, தோற்றுவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவளுக்காக ஒரு பாட்டும் எழுதினார். 2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள ஃபோரம் அரங்கில், ஆயிரக்கணக்கானோர் முன்னால், நாண்டி அந்தக் குழுவோடு உட்கார்ந்து ‘எவர்லாங்’ வாசித்தாள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. சிகாகோவில் அந்தச் சின்ன மேடையின் முன்னால் நின்றபோது குரோல் கிட்டத்தட்ட அவள் வயதுதான்.

இழப்பு வந்தபோது

2022 மார்ச் 25. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஓர் இசைவிழாவில் அன்றிரவு ஃபூ ஃபைட்டர்ஸ் வாசிக்க வேண்டும். ஹோட்டல் அறையில் டெய்லர் ஹாக்கின்ஸ் இறந்துபோனார். வயது 50. குழுவின் டிரம்ஸ் கலைஞர் மட்டுமல்ல, சிரித்த முகமாகவே ரசிகர்களுக்கு அறிமுகமானவர். கச்சேரிக்குக் காத்திருந்த கூட்டத்துக்குச் செய்தி சொல்லப்பட்டது. குழு வாசித்திருக்க வேண்டிய மேடையில் மெழுகுவத்திகள் ஏற்றினார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் அவருக்காக அஞ்சலிக் கச்சேரி நடந்தது. அவர் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் மாற்றி ஒருவராகப் பல டிரம்ஸ் கலைஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு வயது நாண்டி வந்தாள். அவள் அன்று வாசித்த பாட்டு ‘லேர்ன் டு ஃப்ளை’, ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் செசேனாவில் ஆயிரம் பேர் வாசித்த அதே பாட்டு. பிறகு ஹாக்கின்ஸின் மகன் ஷேன் வந்தான். பதினாறு வயது. ‘மை ஹீரோ’ பாட்டுக்கு அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, முகமெல்லாம் இறுக, தட்டுகள் தெறிக்க அடித்தான். மைதானம் முழுவதும் அவனோடு சேர்ந்து பாடியது. அந்தக் காட்சியைக் கண்ணீர் இல்லாமல் பார்க்க என்னால் இதுவரை முடிந்ததில்லை.

அடுத்த ஆண்டு ஜூனில் குழு ‘பட் ஹியர் வீ ஆர்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. ஹாக்கின்ஸுக்கும், 2022-இல் மறைந்த குரோலின் தாயார் வர்ஜீனியாவுக்கும் அது காணிக்கை. புதிய டிரம்ஸ் கலைஞரோடு மறுபடி ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். ரசிகர்களும் மறுபடி கூடினார்கள். கர்ட் கோபேன் இறந்தபோது தனியாக ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து எல்லாக் கருவிகளையும் தானே வாசிக்க வேண்டியிருந்த குரோலுக்கு, இந்த முறை துக்கத்தைப் பங்குபோட ஒரு மைதானமே இருந்தது. முப்பது ஆண்டுகளில் ரசிகர்கள் அந்தக் குழுவுக்குச் செய்த மிகப் பெரிய உதவி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆயிரம் பேர் பிறகு என்ன ஆனார்கள்?

கேட்டது கிடைத்ததும் கலைந்து போயிருக்கலாம். கலையவில்லை. 2016 ஜூலையில் செசேனாவின் கால்பந்து மைதானத்தில் ஆயிரம் பேரும் ஒரு முழுக் கச்சேரியே செய்தார்கள். இந்த முறை டிக்கெட் வாங்கிக் கேட்க ஊரே வந்தது. 2018-இல் ஃப்ளாரன்ஸ். 2019-இல் பாரிஸின் ஸ்டாட் து ஃபிரான்ஸ் மைதானம், பிறகு ஃபிராங்க்ஃபர்ட், மிலான். ‘உலகின் மிகப் பெரிய ராக் குழு’ என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி ‘வீ ஆர் த தௌசண்ட்’ என்ற ஆவணப்படமும் வந்திருக்கிறது.

இதில் பாடம் இருக்கிறது. இசை வியாபாரம் ரசிகரைக் கணக்குப் பார்க்கும் விதம் நமக்குத் தெரியும்: எத்தனை டிக்கெட், எத்தனை பார்வை, எத்தனை டீ-ஷர்ட். அந்தக் கணக்கில் ரசிகர் வாங்குகிறவர் மட்டுமே. ஒருவரைப் பிடித்துப்போவதில் உண்டாகும் ஆற்றல் அதைவிடப் பல மடங்கு பெரியது. அது பிறரோடு சண்டை போடுவதில் செலவாகலாம். கத்தித் தீர்ப்பதில் கரையலாம். ஒரு கருவியைக் கையில் எடுத்துக் கற்றுக்கொள்வதிலும் போய்ச் சேரலாம். மூன்றாவது வழியில் போனவர்கள் அந்த ஆயிரம் பேர். அவர்கள் எல்லோரும் பெரிய கலைஞர்கள் இல்லை. அன்றாட வேலைக்கு நடுவே, மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பழகியவர்களும் அவர்களில் உண்டு. தனித்தனியாகக் கேட்டால் பிசிறு தெரிந்திருக்கும். சேர்ந்து வாசித்தபோது, ஒரிஜினல் குழுவாலேயே எழுப்ப முடியாத ஓர் ஒலி அந்தத் திடலிலிருந்து எழுந்தது.

பிடித்த பாட்டுக்கு ஒருவர் செய்யக்கூடிய பெரிய மரியாதை, அதை வாசிக்கக் கற்றுக்கொள்வதுதான். அப்படிக் கற்கும்போது அந்தப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எந்த இடத்தில் கை வலிக்கிறது என்று உள்ளிருந்து தெரியவரும். கலைஞரின் உழைப்பு அப்போதுதான் முழுதாகப் புரியும். அவர் மேலுள்ள பிரியமும் கண்மூடித்தனத்திலிருந்து விலகிக் கண் திறந்த பிரியமாகும். இதை எழுதும் எனக்கும், படிக்கும் உங்களுக்கும், ராக் பிடித்தாலும் வேறு எந்த இசை பிடித்தாலும், அந்த வழி திறந்தே இருக்கிறது. வீட்டில் கருவி இல்லை என்றால் தலையணையில் தொடங்கலாம்.